பெரிய ஆளு: பள்ளியை விட்டு வெளியே வரும் ஒரு மாணவனுக்கான திட்டம்

திட்டம் தொடங்கியபோது இந்த மாணவனுக்கு 16 வயது. பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம், அதனால் அறிவுசார் குறைபாடு. பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையில், வெற்றிலைக் கொடிக்கால்கள் சூழ்ந்த ஒரு கிராமம். அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. அப்பா சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருக்கிறார். வீட்டில் அம்மா, அப்பாயி, கும்பகோணத்தில் கல்லூரிக்குப் போய்வரும் அக்கா. ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயருக்குப் பதில் தம்பி என்றே எழுதுகிறேன். ஊரில் பாதிப் பேர் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் அந்த வட்டாரத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்.

வட்டார வள மையத்தில் அவனுடைய கோப்பு கனமாகத்தான் இருந்தது. மருத்துவ முகாமில் கொடுத்த சான்று, தனித்துவ அடையாள அட்டையின் நகல், ஆண்டுதோறும் எழுதிய கல்வித் திட்டம், இயன்முறைப் பயிற்சிக் குறிப்புகள். தன் பெயரை எழுதுவான். 12 வரை பிசகாமல் எண்ணுவான். பேச்சு தெளிவில்லை. கவனம் குறைவு. மதியத்துக்கு மேல் தூங்கி வழிகிறான். ஆர்வமில்லை. இவ்வளவும் இருந்தது. அவனுக்கு என்ன பிடிக்கும், யாரோடு இருந்தால் முகம் மலரும், எதைக் கண்டால் மிரளுவான் என்று ஒரு வரி கிடையாது. ‘பள்ளிக்குப் பிறகு’ என்ற கட்டத்தில் ‘தொழிற்பயிற்சிக்கு அனுப்பலாம்’ என்று எழுதியிருந்தது. எந்தத் தொழில், யார் கூட்டிப்போவது, எப்போது, போக அவனுக்கு இஷ்டமா என்பதெல்லாம் இல்லை.

பிள்ளையிடம் என்ன இல்லை என்பதை அளந்து அளந்து எழுதுவது எங்கள் துறையின் பழக்கம். பள்ளி இருக்கிறவரை அதை வைத்து ஓட்டிவிடலாம். பள்ளி முடிந்தபின் அந்தப் பிள்ளை காலையில் எழுந்து எங்கே போகும் என்ற கேள்விக்கு அந்தக் கோப்பில் பதில் இருக்காது.

சட்டம் எதுவரை வருகிறது

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை 18 வயது வரை நீட்டியது. அது 31ஆம் பிரிவு. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சந்தையோடு நேரடித் தொடர்புள்ள தனித் திறன் பயிற்சிகள் வேண்டும் என்கிறது. நல்ல பிரிவு. ஆனால் பள்ளியை விட்டு வெளியேறும் ஒவ்வொரு மாணவனுக்கும் எழுத்தில் ஒரு மாறுதல் திட்டம், அதாவது பள்ளியிலிருந்து வெளி வாழ்க்கைக்குப் போவதற்கான திட்டம், இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சட்டத்தில் இல்லை. அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டத்தில் 1990இலேயே இந்த மாறுதல் சேவை வந்துவிட்டது. 2004 திருத்தத்தின்படி, மாணவனுக்கு 16 வயது ஆகும்போது அவனுடைய கல்வித் திட்டத்தில் பள்ளிக்குப் பிந்தைய இலக்குகள் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு மாணவனையும் அழைத்தாக வேண்டும்.

இங்கே ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சேவை 12ஆம் வகுப்போடு முடிகிறது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு அதற்கும் முன்பே முடிகிறது. பயிற்றுநர், இயன்முறை மருத்துவர், வகுப்புத் தோழர்கள், சத்துணவு, சீருடை எல்லாம் ஒரே கோடை விடுமுறையில் போய்விடும். அப்புறம் திண்ணைதான். பகலெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருக்கும் இருபது, முப்பது வயதுக்காரர்களை எங்கள் வட்டாரத்தில் எந்த ஊரிலும் காட்ட முடியும். அவர்களில் பலர் ஒரு காலத்தில் பள்ளிக்கு ஒழுங்காக வந்தவர்கள். அதனால்தான் தம்பி விஷயத்தில் பத்தாம் வகுப்பு முடியட்டும் என்று காத்திருக்காமல் ஒன்பதாம் வகுப்பின் பாதியிலேயே தொடங்கினோம். என்னைக் கேட்டால் 14 வயதில் தொடங்க வேண்டும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது நபர் மையத் திட்டமிடல் என்கிற முறை. அந்த நபரின் விருப்பத்தை நடுவில் வைத்து, அவருக்கு நெருக்கமானவர்கள் கூடித் திட்டம் போடுவது. 1980களில் வட அமெரிக்காவில் ஜான் ஓ’பிரையன், பெத் மௌன்ட், மார்ஷா ஃபாரஸ்ட், ஜாக் பியர்பாய்ன்ட் போன்றவர்கள் வளர்த்தெடுத்தது. டொரான்டோவில் ஜூடித் ஸ்னோ என்ற பெண், கைகால் அசைக்க முடியாத நிலையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் முடங்கிக் கிடந்தார். அவருடைய நண்பர்கள் கூடிப் பேசி, அலைந்து திரிந்து, அவர் வெளியே வந்து தன் வீட்டில் வாழ வழி செய்தார்கள். ஆதரவு வட்டம் என்று இன்று சொல்லப்படுவதற்கு அந்த நண்பர் குழு ஒரு முன்மாதிரி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க நான் அதிகம் பேசவில்லை. ஒரு கல்யாணம் பேசி முடிக்கப் பங்காளி, மாமன், ஊர்ப் பெரியவர் என்று ஜமக்காளம் விரித்துக் கூட்டுகிறோமே, பள்ளி முடிக்கும் பிள்ளைக்கும் அப்படி ஒரு ஜமக்காளம் விரிப்போம் என்றேன். அப்பாயிக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் படங்கள்

‘ஆர்வமில்லை, தூங்கி வழிகிறான்’ என்ற வரியை முதலில் எடுத்தோம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு மற்றவர்களைவிட அதிகமாக வரும். ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்தத்தில் பார்க்க வேண்டும். காது கேட்பதிலும் குறைவு வரலாம். அதையும் பார்க்க வேண்டும். தம்பிக்குப் பல ஆண்டுகளாக இரண்டுமே பார்க்கப்படவில்லை. பார்த்ததில் தைராய்டு குறைவு தெரிந்தது. மருத்துவர் சொன்னபடி காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை தொடங்கினார்கள். சில மாதங்களில் மதியத் தூக்கம் பெருமளவு குறைந்துவிட்டது. மந்தமாக இருக்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று எழுதும் முன் இந்த ஒரு பரிசோதனையைச் செய்துவிட வேண்டும் என்று எல்லாப் பயிற்றுநர்களிடமும் கெஞ்சிக் கேட்பேன்.

அடுத்து, அவனிடம் கேட்பது. ‘உனக்கு என்ன ஆகணும்?’ என்று கேட்டால் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து அவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லுவான். போலீஸ் மாமா முன்னால் போலீஸ், டீச்சர் முன்னால் டீச்சர். அதனால் கேள்வியை விட்டுவிட்டு அக்காவின் பழைய கைபேசியை ஒரு வாரம் அவன் கையில் கொடுத்தோம். பிடித்ததையெல்லாம் படம் எடு, அவ்வளவுதான்.

பாதிப் படங்கள் மங்கல். விரல் மறைத்தவை சில. ஆனால் மீதியில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள், திரும்பத் திரும்ப. தெருமுனை வெற்றிலை மண்டியின் முற்றம், அங்கே வட்டமாக உட்கார்ந்து இலை அடுக்கும் பெண்கள். கொடியில் காயும் வேட்டி. சுவரில் மாட்டியிருக்கும் அப்பா படம். பள்ளியில் எடுத்தது ஒன்றே ஒன்று: பத்தாம் வகுப்புப் பையன்கள் சைக்கிளோடு நிற்பது. படங்களைக் கும்பகோணத்தில் பிரதி எடுத்து, தரையில் பரப்பி, ‘வேணும்’, ‘வேணாம்’, ‘தெரியல’ என்று மூன்று தட்டில் பிரிக்கச் சொன்னோம். வள மையத்தில் அவன் பயிற்சி எடுக்கும் அறையின் படத்தையும் நடுவில் வைத்திருந்தேன். வண்ணக் கட்டைகள், சுவரெல்லாம் முயல் பொம்மை, நாலைந்து வயதுப் பிள்ளைகள். அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தான். குப்புறக் கவிழ்த்து ‘வேணாம்’ தட்டில் வைத்தான்.

“சின்னப் புள்ள,” என்றான். பிறகு தன் நெஞ்சில் கை வைத்து, “நான் பெரிய ஆளு.”

திட்டத்தின் முதல் வரியாக அதையே எழுதினோம். பெரியவர்கள் இருக்கிற இடத்தில் தானும் ஒரு பெரியவனாக இருக்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அதுதான். பிற்பாடு எந்த முடிவு எடுத்தாலும் இந்த வரியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தோம்.

அடுத்த பக்கத்தை நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்தோம். ஒரு பக்கம் அவன் முக்கியம் என்று நினைப்பவை: வேட்டி சட்டை, டீக்கடை, அக்கா வீட்டுக்கு வரும் நேரம், ஞாயிற்றுக்கிழமை பரோட்டா, யாரும் தலையில் தட்டாமல் இருப்பது. இன்னொரு பக்கம் அவன் நலத்துக்கு முக்கியமானவை: தைராய்டு மாத்திரை, சாலையைக் கடப்பது, உடல் எடை, வெடிச்சத்தம் கேட்டால் பதறி ஓடுவது. இப்படி இரண்டாகப் பிரிப்பதை வலியுறுத்தியவர் இதே நபர் மையத் திட்டமிடல் முறையைச் சேர்ந்த மைக்கேல் ஸ்மல். வழக்கமான திட்டங்களில் இரண்டாவது பக்கம் மட்டும்தான் இருக்கும். முதல் பக்கத்தை மதிக்காத திட்டத்துக்குப் பிள்ளை ஒத்துழைக்க மாட்டான், அதில் அவன் தப்பும் கிடையாது.

ஜமக்காளம்

கூட்டத்துக்கு யாரை அழைப்பது என்று அவனையே தேர்ந்தெடுக்க விட்டோம். படங்களிலிருந்து எடுத்துக் கொடுத்தான்: அம்மா, அக்கா, அப்பாயி, அப்பா, டீ மாஸ்டர், பத்தாம் வகுப்பில் தெருக்காரப் பையன் ஒருவன், உடற்கல்வி ஆசிரியர். மண்டி நடத்துபவர் அவனுக்குப் பெரியப்பா முறை. அவரையும் அவனே எடுத்தான். கிராமச் செவிலியரை அம்மா சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டுக் கூடத்தில். அப்பா வாட்ஸ்ஆப் காணொளியில் வந்தார். கைபேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். அவன் கேட்டபடி போண்டா.

சுவரில் பெரிய தாளை ஒட்டி, நபர் மையத் திட்டமிடலில் ‘பாத்’ என்று சொல்லும் வரைபட முறையில் ஒரு அம்பு வரைந்தோம். வலது கோடியில் அவன் விரும்பும் வாழ்க்கை, இடது கோடியில் இன்றைய நிலை, நடுவில் ஒரு வருடத்தில் நடந்திருக்க வேண்டியவை, யார் யார் கூட வருவார்கள், முதல் அடி என்ன. கனவுப் பக்கத்தில் அவனுடைய படங்களையே ஒட்டினோம். ஒட்டியவன் அவன்தான்.

இதே வகையைச் சேர்ந்த ‘மேப்ஸ்’ என்ற இன்னொரு முறையில் ஒரு கேள்வி உண்டு: எது நடந்துவிடக் கூடாது என்று பயப்படுகிறீர்கள்? இதைக் கேட்பதா வேண்டாமா என்று எங்கள் குழுவில் தயக்கம் இருந்தது. கேட்டோம். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “நான் போனப்புறம் இவன் யாரு வீட்டு வாசல்லயாவது தட்டோட நிக்கக் கூடாது டீச்சர். அவ்வளவுதான்.”

சிங்கப்பூரிலிருந்து அப்பா அதற்குத் தீர்வு சொன்னார். நல்ல ஹாஸ்டலாகப் பார்த்துச் சேர்த்துவிடலாம், மாதம் எவ்வளவு ஆனாலும் தான் அனுப்புவதாக. மனதார விரும்பித்தான் சொன்னார். பிள்ளைக்காகத்தானே பதினைந்து வருடமாக அங்கே கிடக்கிறார். தம்பி கைபேசியைப் பார்த்து, “ஹாஸ்டல் வேணாம். இங்க,” என்று தரையைத் தட்டினான். அப்பா மேற்கொண்டு அதைப் பற்றி அன்று பேசவில்லை.

அப்போது அக்கா சொன்னது இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வீட்டில் எல்லோரும் சொல்லாமலே வைத்திருந்த ஏற்பாடு, கடைசியில் அக்கா பார்த்துக்கொள்வாள் என்பது. “நான் இருப்பேன்ப்பா. எங்க கல்யாணம் ஆகிப் போனாலும் இருப்பேன். ஆனா நான் மட்டும் இருக்க முடியாது. அதுக்குத்தான் இவங்களையெல்லாம் கூப்பிட்டிருக்கோம்.” உடன்பிறந்த பெண்பிள்ளை தலையில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு அதற்குத் திட்டம் என்று பெயர் கொடுக்கும் வீடுகள் நிறைய. அவர்களுக்கு இந்தப் பெண்ணின் சொற்களைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று எழுதிய ஒவ்வொரு வேலைக்கும் நேரே ஒருவர் பெயரும் ஒரு தேதியும் போட்டோம். என் பெயர் இரண்டு இடத்தில்தான் வந்தது. அதை வேண்டுமென்றே அப்படி வைத்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டு வருகிற நான் மாற்றலாகிப் போவேன். டீ மாஸ்டர் அங்கேயேதான் இருப்பார்.

பயிற்சி மையமும் மண்டியும்

பயிற்சி மையத்தையும் பார்த்துவிடலாம் என்று அப்பா வற்புறுத்தினார். கோடை விடுமுறையில் ஒரு மையத்துக்கு அனுப்பினார்கள். காகித உறை ஒட்டும் வேலை. எல்லோருக்கும் அதே வேலை, கைகால் குறைபாடோ காது கேளாமையோ அறிவுசார் குறைபாடோ, யாராக இருந்தாலும். பொறுப்பாளர் அவனைப் ‘பாப்பா’ என்று கூப்பிட்டு, தப்பாக ஒட்டினால் தலையில் தட்டினார். ஒரு வாரத்துக்குப் பிறகு காலையில் சட்டை போட மறுத்துவிட்டான். பிடிவாதம் என்று அங்கிருந்து சொல்லி அனுப்பினார்கள். எங்கள் திட்டத்தில் எழுதியிருந்த இரண்டு வரிகள் அங்கே மீறப்பட்டிருந்தன. அவன் தன் பதிலைத் தெளிவாகவே சொல்லியிருந்தான். அப்பாவும் புரிந்துகொண்டார்.

அப்புறம் மண்டி. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பல தலைமுறைக்கு முன்பிருந்தே இந்த ஊர்களின் விடியற்காலை வெற்றிலையோடுதான். கொடிக்காலில் கிள்ளிய இலை ஈரச் சாக்கு போர்த்தி வந்து முற்றத்தில் இறங்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஓட்டை, கிழிசல், புள்ளி விழுந்ததை ஒதுக்கி, அளவு பார்த்து, காம்பு ஒரே பக்கமாக அடுக்குவார்கள். 100 இலை ஒரு கவுளி. பழகிய கை பேச்சை நிறுத்தாமலே எண்ணிவிடும்.

தம்பிக்கு 12க்கு மேல் எண் நிற்காது. அவனுக்கு 100 வரை எண்ணக் கற்றுக்கொடுத்துவிட்டு வேலைக்கு அனுப்புவது என்று முடிவு செய்திருந்தால் இன்றும் கற்றுக்கொடுத்துக்கொண்டே இருந்திருப்போம். வேலையை அவனுக்கு ஏற்ப மாற்றினோம். உடற்கல்வி ஆசிரியர் ஒரு பலகையில் 10 வெற்றிலை உருவம் வரைந்து கொடுத்தார். ஒவ்வொரு உருவத்தின் மேலும் ஒரு இலை. பலகை நிறைந்ததும் காம்பு ஒரே பக்கம் இருக்கும்படி சேர்த்து எடுத்து ஓரமாக அடுக்க வேண்டும். அடுக்கியதும் இடது கிண்ணத்திலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து வலது கிண்ணத்தில் போட வேண்டும். இடது கிண்ணத்தில் 10 கொட்டை இருக்கும். அது காலியானால் ஒரு கவுளி. கொட்டை போடுவதை முதலில் மறந்துவிடுவான். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் தொண்டையைச் செருமுவார், உடனே கை கிண்ணத்துக்குப் போகும். நாளாக ஆகச் செருமலும் தேவைப்படவில்லை.

கழிப்பதில்தான் சிக்கல் வந்தது. அவன் கண்டிப்பு அதிகம். ஊசிமுனைப் புள்ளி இருந்தாலும் தூக்கி எறிந்தான். நல்ல இலையெல்லாம் குப்பைக்குப் போகிறது என்று பெரியப்பா குறைப்பட்டார், நியாயம்தான். ‘சேரும்’, ‘சேராது’ என்று ஆறு இலைகளைப் பலகையின் மேல் ஓரத்தில் குத்தி வைத்தோம். அன்று நன்றாக நடந்தது. மறுநாள் இலை வாடி நிறம் மாறிவிட்டதால் பழையபடி ஆகிவிட்டது. அக்கா அந்த ஆறையும் புதிதாக இருக்கும்போதே படம் எடுத்து, லேமினேட் செய்து ஒட்டினாள். சந்தேகம் வந்தால் இலையைப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பான். இப்போதும் அப்படித்தான்.

தொடக்கத்தில் ஒரு காலைப்பொழுதில் 4 கவுளி. ஒரு வருடம் கழித்து 11. கூடவே உட்காரும் பெண்கள் இதைப்போல் பல மடங்கு போடுவார்கள். ஆனால் கூலி கவுளிக்கு இவ்வளவு என்பதால், அவர்களுக்கு என்ன கணக்கோ அவனுக்கும் அதே கணக்கு. ‘சும்மா வந்து உட்காரட்டும், கைச்செலவுக்கு ஏதாவது தருகிறேன்’ என்றுதான் பெரியப்பா முதலில் சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. வேலை செய்தால் கூலி, செய்யாவிட்டால் இல்லை. அம்மா எடுத்த அந்த நிலைதான் சரி. கைச்செலவு கொடுப்பது பெரிய ஆளுக்கு அல்ல. சனிக்கிழமை கூலி. மூன்று அறை உள்ள பர்ஸில் அம்மா படம், பரோட்டா படம், உண்டியல் படம் ஒட்டியிருக்கிறது. ரூபாய் நோட்டை நிறம் பார்த்து அதில் பிரித்து வைப்பான்.

மார்கழி யாரும் யோசிக்காத இடம். கல்யாணம் இல்லாத மாதத்தில் வெற்றிலைக்குத் தேவை குறையும், மண்டியில் ஆள் குறைப்பார்கள். வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றவனிடம் இன்று வேலை இல்லை என்றால் புரியவில்லை. அழுதான், பலகையைத் தூக்கி எறிந்தான். தினசரி நாட்காட்டியில் வேலை நாளுக்கு இலை ஒட்டுப்படம், வேலையில்லாத நாளுக்கு வேறு படம் என்று முந்தின நாள் இரவே ஒட்டிக் காட்டினோம். அந்த வேறு படம் ஊர்ப் பெருமாள் கோயில். மார்கழி விடியற்காலையில் பொங்கல் விநியோகிப்பவர்களோடு சேர்ந்து தொன்னை எடுத்துக்கொடுக்கும் வேலையை டீ மாஸ்டர் பேசி வாங்கித் தந்தார். வருகிற மழைக்காலத்துக்கும் இப்படி ஒன்று யோசித்து வைத்திருக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மண்டிக்குப் போகும் தெரு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் முழங்கால் தண்ணீரில் நிற்கும்.

சாலை, உடம்பு, தேர்வு

வீட்டுக்கும் மண்டிக்கும் நடுவில் தஞ்சாவூர்–கும்பகோணம் சாலை. அங்கே பேருந்து வருகிற வேகம் எல்லோருக்கும் தெரியும். தெருக்காரப் பையன்தான் பழக்கினான். முதலில் கைபிடித்து, பிறகு பக்கத்தில் நடந்து, பிறகு பத்தடி பின்னால், அப்புறம் டீக்கடையில் நின்று பார்த்தபடி. நான் கூட நடந்தபோது என் முகத்தைப் பார்த்துத்தான் கடந்தான். நண்பனோடு நடந்தபோது சாலையைப் பார்த்தான். கடந்ததும் அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால். நகரப் பேருந்தில் பாபநாசம் போய்வருவது அடுத்த படி. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. அதனால் பழக்கக் காசு தடையில்லை, ஆள்தான் வேண்டும்.

எழுதத் தயங்குகிற ஒரு விஷயம். யாரைப் பார்த்தாலும் கட்டிப்பிடிப்பான். ஆறு வயதில் எல்லோரும் கொஞ்சினார்கள். 17 வயதில், பெண்கள் வேலை செய்யும் முற்றத்தில், அதுவே பெரிய தகராறாகிவிடும். பழி அவன் மேல்தான் விழும். அவனை யாராவது தப்பாகத் தொட்டாலும் சொல்லத் தெரியாமல் போகும். கிராமச் செவிலியரும் உடற்கல்வி ஆசிரியரும் சேர்ந்து, வீட்டு ஆட்களைக் கட்டிக்கொள்ளலாம், மற்றவர்களுக்குக் கைகூப்பி வணக்கம் என்று படம் வைத்துப் பழக்கினார்கள். தன் உடம்பில் மற்றவர் தொடக்கூடாத இடங்கள், கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டியவை, ‘வேணாம்’ என்று கத்தலாம் என்பது, எல்லாம் அந்தப் பாடத்தில் இருந்தன. மண்டிப் பெண்களிடமும் சொல்லி வைத்தோம்: அவன் கட்டிப்பிடிக்க வந்தால் திட்டாமல் வணக்கம் வையுங்கள், அவனும் வைப்பான். வைத்தான். ‘வணக்கம்’ என்பது பெரிய ஆட்கள் செய்வது என்று அவனுக்குத் தெரிந்ததும் பாதி வேலை முடிந்துவிட்டது.

பத்தாம் வகுப்புத் தேர்வு வேண்டாம் என்று பள்ளியில் சிலர் சொன்னார்கள். தேர்ச்சி விகிதம் பற்றிய கவலை. தம்பிக்கு ஹால் டிக்கெட் வேண்டும், நண்பர்களோடு தேர்வறைக்குப் போக வேண்டும். சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு, இந்தச் சலுகைகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்தோம். நான்கு தாளும் எழுதினான். இரண்டில் தேறினான். மற்ற இரண்டையும் மறுபடி எழுதுகிறாயா என்று படம் வைத்துக் கேட்டதற்கு ‘வேணாம்’ தட்டைக் காட்டினான். அதை ஏற்றுக்கொண்டோம். பின்னால் மனம் மாறினால் எழுதலாம் என்று திட்டத்தில் ஒரு வரி இருக்கிறது.

18 வயது

18 ஆகப்போகிறது என்றதும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். உடனே பாதுகாவலர் சான்று வாங்கிவிடு என்பதுதான் அதிகம் வந்த யோசனை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள 18 வயது கடந்தவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப் பாதுகாவலரை நியமிக்கலாம். தேவைப்படும் குடும்பங்கள் உண்டு. ஆனால் 18 ஆனவுடன் எல்லோருக்கும் வேண்டும் என்பது இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சொத்து வைத்துக்கொள்ளவும் தன் பண விவகாரத்தைத் தானே நடத்தவும் மற்றவர்களுக்குச் சமமாக உரிமை உண்டு என்கிறது. 14ஆம் பிரிவு பேசுவது வரம்புக்கு உட்பட்ட பாதுகாவல். ஒரு குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு கலந்து பேசி. பாதுகாவலர் என்று ஒருவர் வந்துவிட்டால் அப்புறம் அவனை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் என் பயம்.

பரீட்சை வங்கியில் வந்தது. பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய், அவனுடைய கணக்குக்கு வருகிறது. சிறுவர் கணக்கை மாற்றப் போனபோது அங்கிருந்த அலுவலர் அவனைப் பார்த்துவிட்டு, பாதுகாவலர் சான்று இல்லாமல் முடியாது என்றார். அக்கா 13ஆம் பிரிவைப் பிரதி எடுத்து வைத்திருந்தாள். தம்பி தினமும் மண்டிச் சீட்டில் கவுளிக் கணக்குக்கு நேரே கையெழுத்துப் போட்டுப் பழகியவன். மேலாளர் முன்னால் படிவத்தை வாங்கி, கட்டத்துக்குள் பெயரை எழுதினான். மேலாளர் இரண்டாவது தாளிலும் போடச் சொன்னார். அதே கையெழுத்து. கணக்கு அவன் பெயரில் மாறியது. பணம் எடுக்கும்போது அம்மாவோ அக்காவோ கூட வருவார்கள் என்பது எங்கள் வட்டத்துக்குள் செய்துகொண்ட ஏற்பாடு.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பித்தார்கள். 1 லட்சம் ரூபாய் வரை. இதை 18 வரை காத்திருக்காமல் முன்பே செய்யலாம்.

இப்போது

தம்பிக்கு 18 வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. வாரத்தில் நான்கு காலை மண்டி. காலை வேலை முடிந்ததும் டீக்கடை பெஞ்சு, அவன் காசில் டீ. வெடிச்சத்தத்துக்கு இன்னும் பதறுகிறான். சாவு ஊர்வலம் வருகிறது என்றால் டீ மாஸ்டர் முன்கூட்டியே அவனைக் கடைக்குள் உட்காரவைக்கிறார். உடல் எடை குறையவில்லை, பரோட்டாவில் யாரும் கைவைக்க முடியவில்லை. தெருக்காரப் பையன் பாலிடெக்னிக் சேர்ந்து விடுதிக்குப் போய்விட்டான். அவன் இடம் காலியாக இருக்கிறது. பாபநாசம் பேருந்துப் பயிற்சி அதனால் நின்றுபோய்க் கிடக்கிறது. மண்டியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் மகன் வருகிறேன் என்றிருக்கிறான்.

அம்மாவுக்குப் பிறகு எங்கே, யாரோடு தூங்கி எழுவான் என்ற கேள்விக்கு முழுப் பதில் இன்னும் கிடைக்கவில்லை. அக்காவுக்கு வரன் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் தம்பியைப் பற்றி மறைக்காமல் முதலிலேயே பேசுவது என்று போன கூட்டத்தில் எழுதியிருக்கிறோம், பொறுப்பு அப்பா. மாதத்தில் ஒரு இரவு பெரியப்பா வீட்டில் தங்கிப் பழகுவது, பொறுப்பு அப்பாயி. வரும் பொங்கலுக்கு அப்பா ஊருக்கு வருகிறார். அடுத்த கூட்டத்தை அந்த வாரத்தில் வைத்திருக்கிறோம். யாரை அழைப்பது என்று தம்பி படங்களை எடுத்து வைத்துவிட்டான். இந்த முறை வங்கி மேலாளரும் அதில் இருக்கிறார்.